ஆறு மணிக் கரி பஸ்

ஒவ்வொரு வட்டத்திலும் வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த கப்பல், வாகனம், கட்டடம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றின் முழு அளவு மாதிரியை நிறுவி, அதன் மூலம் சுற்றுலாப் பயணிகளை ஈர்த்து, அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 1987-ஆம் வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலிடம் என்றால் எது என்று கேட்காதீர்கள். கடிதத்தில் கையெழுத்து இருந்தது. யாருடைய கையெழுத்து என்று அதைப் பெற்றுக்கொண்ட ஆபீஸிலேயே யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் அதுதான் மோஸ்தர். கடற்கரைப் பக்கத்துக்காரர்கள் முந்திக்கொண்டு கப்பலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஊரில் மரக்கப்பல் கட்டி, உப்புக்காற்று பட்டால் கெட்டுப்போகும் என்று கடலிலிருந்து இருபது மைல் தள்ளி நிறுத்தினார்களாம். இன்னொரு ஊரில் அரண்மனை. கதவு, சன்னல் எல்லாம் பெயின்டில் வரைந்தது. உள்ளே போகப் பார்த்த நாலு பேருக்கு நெற்றி வீங்கியது. நமக்கு என்ன மிச்சம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் இருக்கிறது. ஆனால் அது அசல். கடிதத்தின் ஏழாவது விதி தெளிவாகச் சொல்லியிருந்தது: "அசலும் மாதிரியும் ஒரே ஊரில் ஒருங்கே இருத்தல் ஆகாது." அதனால் கோபுரம் தப்பித்தது. கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும், கண்மாயில் அது இல்லை. ஆகவே வாகனம் என்று முடிவாயிற்று.

முடிவு செய்தவர் சிறப்பு அலுவலர் (முழு அளவு மாதிரிகள்) தனுஷ்கோடி. அதற்கு முன்பு அவர் சிறப்பு அலுவலர் (எலி ஒழிப்பு). எலி அப்படியே இருக்க, இவரை மட்டும் மாற்றிவிட்டார்கள். நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். நினைக்கச் சொல்லி அவருக்கு இதுவரை உத்தரவு வந்ததில்லை.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் வழியாக ராஜபாளையத்துக்கு ஒரு கரி பஸ் ஓடியது என்று யாரோ சொன்னார்கள். அதில் கிளீனராக இருந்த குருசாமி என்ற பெரியவர் மம்சாபுரத்தில் உயிரோடு இருந்தார். தனுஷ்கோடி ஜீப்பில் போய் விசாரணை நடத்தினார்.

"அந்த வாகனம் எவ்வாறு இயங்கியது?"

"எங்க இயங்குச்சு? பின்னாடி பீப்பாய்ல கரியப் போட்டு, கனல் பிடிக்க நான் அரை மணி நேரம் காத்தாடியச் சுத்துவேன். கை ரெண்டும் கழண்டு போகும். பொறவு செத்த தூரம் போகும். ஏத்தம் வந்தா நின்னுக்கிடும். அம்புட்டுப் பேரும் இறங்கித் தள்ளுவாக."

"ஆக, பெரும்பாலும் நின்றது?"

"பெரும்பாலும் நின்னுச்சு."

தனுஷ்கோடி எழுதிக்கொண்டார். நிற்பதற்கு இயந்திரம் எதற்கு? திட்டத்தில் "இயந்திரம் நீங்கலாக" என்று ஒரு வரி சேர்ந்தது. மற்றபடி அசலுக்கு அணுவளவும் பிசகக் கூடாது என்று ராஜபாளையத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலையை ஒப்படைத்தார். பட்டறைக்காரர்கள் ரோஷக்காரர்கள். இருபத்திரண்டு சீட்டு, ரப்பர் பந்து வைத்த ஹாரன், பின்னால் ஆள் உயரப் பீப்பாய், சுழல்கிற சக்கரம், திரும்புகிற ஸ்டியரிங் எல்லாம் வைத்துக் கட்டிவிட்டார்கள். பிரேக்கை மட்டும் இயந்திரக் கணக்கில் சேர்த்து விட்டுவிட்டார்கள். டிராக்டர் வைத்து இழுத்துவந்து, மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில், மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா! திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் விசில் ஊதி "ரைட்!" என்றார். பஸ் நகரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

என் பெயர் சுயம்புலிங்கம். நான் கண்டக்டர். மம்சாபுரத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ராஜபாளையம் போகும் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஒன்பது வருஷம் இருந்தவன். சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது, மற்றபடி சாது. டிரைவர் பால்பாண்டி என்னைவிடச் சாது. விழா முடிந்த மறுவாரம் எங்கள் இருவருக்கும் ஒரு உத்தரவு வந்தது. முழு அளவு மாதிரிக்கு முழு அளவு ஓட்டுநரும் முழு அளவு நடத்துநரும் தேவைப்படுவதால், மேற்படி இருவரும் மேற்படி வாகனத்துக்கு மாற்றப்படுகிறார்கள்.

"ஏலே சுயம்பு, ஓடாத வண்டிய நான் எப்படிலே ஓட்ட?" என்றான் பால்பாண்டி.

"நான் எப்படி டிக்கெட் கிழிக்க? ஏறுன இடமும் இறங்குற இடமும் ஒண்ணுல்ல."

ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. பால்பாண்டி காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காருவான், ரெண்டு மணிக்கு எழுந்திருப்பான். மூன்று மாதத்தில் அவனுக்கு விபத்தே இல்லாமல் ஓட்டியதற்கான பதக்கம் கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மேடையில் அதை வாங்கும்போது அவன் அழுதான்.

பார்வையிட வந்த தனுஷ்கோடி ஒரு நாள் காலை ஆறு மணிக்கு விலக்கில் நின்றுகொண்டிருந்தார். கரி பஸ் நின்றது. பக்கத்தில் எங்கள் பழைய பதினாலாம் நம்பர், வேறு ஆட்களோடு, புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. அவருக்கு வேர்த்துவிட்டது.

"இது என்ன?"

"பஸ் சார்."

"அது?"

"அதுவும் பஸ்தான் சார்."

"எது அசல்?"

"புகை விடுதே, அது சார்."

"ஏழாவது விதி!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அசலும் மாதிரியும் ஒரே ஊரில், அதுவும் அடுத்தடுத்து! சாயங்காலத்துக்குள் பதினாலாம் நம்பரை வ. புதுப்பட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மம்சாபுரத்துக்குப் பஸ் ஒன்று ஏற்கனவே இருப்பதால் பொதுமக்களுக்கு இடையூறு இல்லை என்று கோப்பில் எழுதினார்கள்.

இடையூறு செல்லத்தாய்க்குத்தான். அவள் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் பதிலி வேலை பார்த்தாள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். ஆறு மாதம் ஒரு நாள்கூட லேட் இல்லாமல் வந்தால் வேலை நிரந்தரம், ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். இன்னும் நாற்பத்தொரு நாள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் போயிற்று. அவளோடு அதே மில்லுக்குப் போகிற பெண்கள் இன்னும் பன்னிரண்டு பேர்.

முதல் நாள் கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் செல்லத்தாய் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்குப் போனாள். நானும் சாட்சிக்குப் போயிருந்தேன்.

"சார், எங்களுக்கு ஆறு மணிக்குப் பஸ் இல்ல."

தனுஷ்கோடி பதிவேட்டைப் புரட்டினார். "காலை ஆறு மணிக்கு விலக்கில் பஸ் நிற்கிறதா இல்லையா?"

"நிக்குது."

"ஒரு நாளாவது தாமதமாக வந்ததுண்டா?"

"வந்தாத்தான சார் தாமதமா வர?"

"தாமதமில்லை" என்று எழுதினார். "வழியில் பழுதாகி நின்றதுண்டா?"

"வழிக்கே போகலியே!"

"பழுதில்லை. கூட்ட நெரிசல்?"

"நாங்க பதிமூணு பேருதான்."

"நெரிசலில்லை. அம்மா, இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு ஒழுக்கமான பஸ் வேறு கிடையாது. உங்களுக்கு என்னதான் குறை?"

"அது போகணும்ல சார்!"

தனுஷ்கோடி யோசித்தார். பழைய கோப்பை எடுத்துக் குருசாமியின் வாக்குமூலத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. "வரலாற்றுப்படி, அந்தப் பஸ்ஸைப் பயணிகள் தள்ளியிருக்கிறார்கள். நீங்கள் தள்ளவில்லை. குறை உங்கள் தரப்பில்தான் இருக்கிறது."

செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"சரி சார்" என்றாள் அவள். "விலக்குல பஸ்ஸே இல்லாமப் போச்சுன்னா?"

"மாதிரி இல்லாத ஊருக்கு அசல் வந்துவிடும். ஏழாவது விதி."

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதிமூன்று பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். பீப்பாயில் நாலு பேர், மட்கார்டில் நாலு பேர், மிச்சம் பேர் பக்கவாட்டில். நான் விசில் ஊதினேன். தள்ளினார்கள். அட, நகர்ந்துவிட்டது! பால்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதமாகச் சும்மா பிடித்துக்கொண்டிருந்த ஸ்டியரிங் நிஜமாகவே திரும்புகிறது! "வழி! வழி!" என்று ஹாரனை அமுக்கிக்கொண்டு கத்தினான். ஆடு மேய்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரிவில் பஸ் தானாக ஓட, பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நான் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுப் பிரேக் பிடித்தேன். ஓடைப் பாலத்து ஏத்தத்தில் மட்டும் மூச்சு முட்டியது. ஐந்து கிலோமீட்டர். மில் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. என் கண்டக்டர் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

வழியில் கடமையையும் விடவில்லை. சன்னல் வழியே தலையை நீட்டி ஒவ்வொருத்தியிடமும் மாதாந்திரப் பாஸைக் காட்டச் சொன்னேன்.

"தள்ளுறவளுக்கு எதுக்குண்ணே பாஸு?" என்றாள் செல்லத்தாய்.

"தள்ளுனாலும் பயணிதான தாயி? பாஸ் இருக்கப்போயிதான் தள்ள விடுதேன்."

சாயங்காலம் திரும்பவும் விலக்குக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாஸ் போக வர ரெண்டுக்கும் எடுத்தது அல்லவா.

நாலாம் நாள்தான் அந்த வினை வந்தது. காலை ஐந்தரைக்கு நான் வந்து பார்த்தால், இருபத்திரண்டு சீட்டிலும் துண்டு கிடக்கிறது. நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்தச் சீட்டு போட்டவனுக்குச் சொந்தம். பத்திரப் பதிவுகூட அவ்வளவு உறுதி கிடையாது. ராஜபாளையம் சந்தைக்குப் போகிறவர், சலூனுக்குப் போகிறவர், எங்கேயும் போகாமல் பஸ் ஓடுகிறது என்று ஏறியவர் எல்லாம் ஆம்பளைகள். உட்கார்ந்தது இருபத்திரண்டு பேர், தள்ளியது பதிமூன்று பேர். அன்றைக்கு ஆறு ஐம்பத்தைந்து.

செய்தி பரவிவிட்டது. கிருஷ்ணன்கோவிலிலிருந்து காலேஜ் பையன்கள் வந்து ஏறினார்கள். சிவகாசியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வேன் பிடித்து வந்து பஸ்ஸில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டது. தனுஷ்கோடிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவரும் தினமும் ஜீப்பில் வந்து, மேற்பார்வை செய்வதற்காக முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு மட்டும் துண்டு வேண்டாம், கோப்பைப் போட்டு வைப்பார். பதிவேட்டில் "இயந்திரம்" என்ற கட்டம் அதுவரை காலியாக இருந்தது. அதில் "பெண்கள் - 13, நல்ல நிலையில்" என்று எழுதினார்.

"சார், செத்த இறங்கி ஒரு கை குடுக்கக் கூடாதா?" என்று வெள்ளத்தாய் என்ற பெண் ஒரு நாள் கேட்டாள்.

"அம்மா, நான் இறங்கினால் மேற்பார்வை இல்லாமல் தள்ளியதாக ஆகிவிடும். அது முறைகேடு."

ஆறு ஐம்பத்தாறு. ஆறு ஐம்பத்தெட்டு. ஏழுக்கு அரை நிமிஷம். நாற்பதாம் நாள் கேட்டைச் சாத்துகிறபோது செல்லத்தாய் பக்கவாட்டில் நுழைந்து போனாள், சேலைத் தலைப்பு கேட்டில் மாட்டிக்கொண்டது.

நாற்பத்தொன்றாம் நாள். இருபத்திரண்டு சீட்டுக்கும் மேலே, நின்றுகொண்டு பதினெட்டுப் பேர், பீப்பாய் மேலே ரெண்டு பேர். விலக்கிலிருந்து கிளப்பவே பத்து நிமிஷம். ஓடைப் பாலத்து ஏத்தத்தில் பஸ் நின்றுவிட்டது. மணி ஆறு முப்பத்தைந்து. இன்னும் பாதி வழி இருக்கிறது. நான் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டேன்.

செல்லத்தாய் சன்னலுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்வை. "அண்ணாச்சிமாரே, இந்த ஏத்தம் மட்டும் இறங்கிக்கிடுங்க. இன்னைக்குக் கடைசி நாளு. இன்னைக்கு லேட்டானா ஆறு மாசமும் போச்சு. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

பஸ்ஸுக்குள் ஒரே அனுதாபம். "பாவம்ல" என்றார் ஒருவர். "நியாயம்தான், யாராச்சும் இறங்குங்கப்பா" என்றார் இன்னொருவர். யாரும் இறங்கவில்லை.

"இறங்கலாம் தாயி," என்றார் சன்னலோரத்துக்காரர், "எந்திரிச்சா சீட்டு போயிருமே. நிக்கறவன் எப்போ எப்போன்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

"துண்டப் போட்டுட்டு இறங்குங்க."

"துண்டு ஏறும்போதுதான் செல்லும். இறங்கும்போது செல்லாது."

நின்றிருந்தவர்கள் இறங்கினால் அடுத்த சீட்டுக்கான முறை போய்விடும் என்றார்கள். தனுஷ்கோடி கோப்பைப் பார்த்தார். கடைசியில் அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களாச்சும் வாங்கண்ணே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்க வேண்டும் என்று ஒரு காலை எடுத்துப் படியில்கூட வைத்தேன். ஆனால் கண்டக்டர் இறங்கித் தள்ளினால் விசில் யார் ஊதுவது? காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

செல்லத்தாய் சன்னலை விட்டு விலகினாள். பஸ்ஸைப் பார்த்தாள். முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தாள். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"ஏட்டி வெள்ளத்தாயி!" என்று கூப்பிட்டாள். "இத்தன நாளா நாம எப்படிட்டி மில்லுக்குப் போனோம்?"

"பஸ்ஸுலதான்."

"பஸ்ஸுல எங்கட்டி போனோம்? நடந்துல்ல போனோம்! நடந்து போறவளுக இந்தத் தகர டப்பாவ எதுக்குட்டி தள்ளிக்கிட்டுப் போறோம்?"

பதிமூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பீப்பாயிலிருந்து கையை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தார்கள். பாலம் தாண்டியதும் ஓடினார்கள்.

"பாஸ் வீணாகும் தாயி!" என்று கத்தினேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு ஐம்பத்து மூன்றுக்கு மில்லுக்குள் போய்விட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். செல்லத்தாய்க்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அன்று சாயங்காலம் யாரும் பஸ்ஸைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போக வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மம்சாபுரம் விலக்கில் மாதிரி ஏதும் காணப்படவில்லை என்று பதிவேட்டில் ஏறியது. மாதிரி இல்லாத ஊருக்கு அசல். அதற்கும் மறுநாளே பதினாலாம் நம்பர் வந்துவிட்டது.

நாங்கள் பாலத்தில்தான் இருந்தோம். ஏன் இறங்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். யார் முதலில் இறங்குவது? இறங்குகிறவனுக்குச் சீட்டு போகும், மற்றவனுக்குக் கிடைக்கும். பஸ் எந்த நேரமும் கிளம்பலாம். வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வந்தது, சன்னல் வழியாக வாங்கிச் சாப்பிட்டோம். ஒதுங்கப் போகிறவர்கள் மட்டும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். தனுஷ்கோடி "பயணிகள் ஒருவர்கூட வெளியேறவில்லை, திட்டம் மாபெரும் வெற்றி" என்று அறிக்கை அனுப்பினார். பால்பாண்டி ரெண்டாவது பதக்கத்தை எதிர்பார்த்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பதினாலாம் நம்பர் ராஜபாளையத்திலிருந்து வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. உள்ளே பாதிச் சீட்டு காலி. அதன் கண்டக்டர் தலையை நீட்டி, "வாங்க அண்ணாச்சி, எல்லாரும் ஏறுங்க, ஊருக்குப் போயிருவோம்" என்றான்.

எங்கள் சன்னலோரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "அதுல சன்னல் சீட்டு இருக்கா?"

"அஞ்சாறு இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும். கையில இருக்கறத விட்டுட்டு இறங்கச் சொல்லுதான் பாரு" என்று எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பஸ்ஸின் சன்னல் சீட்டில் செல்லத்தாய் இருந்தாள். மில் பஞ்சு தலையில் ஒட்டியிருந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, சாவகாசமாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"என்னண்ணே, இன்னும் எடுக்கலியா?"

"இந்தா எடுத்திருவாக தாயி" என்று சொல்லிவிட்டு, விசிலை வாயில் வைத்து ஊதினேன்.